சின்ன பசங்களுக்கு மின்சாரத்தை கையால செஞ்சு கத்துக்கொடுக்க முழு வழிகாட்டி: ஒரு செல், ஒரு பல்ப்ல ஆரம்பிச்சு மைக்ரோபிட் வரைக்கும்

இது 7 வயசுல இருந்து 11 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு சொல்லிக்கொடுக்கிற டீச்சர்களுக்கும், வீட்டுல பிள்ளையோட உட்கார்ந்து செய்யணும்னு நினைக்கிற அப்பா அம்மாவுக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்க தடுமாறுறதுக்கு பெரும்பாலும் பொருள் இல்லாதது காரணம் இல்ல, வரிசை மாறிப்போறதுதான் காரணம். முதல் வகுப்புலயே மைக்ரோபிட் மாதிரி புரோகிராம் போட்டு ஓட்டுற ஒரு குட்டி போர்டை கையில கொடுத்துடுறாங்க, அதுல படம் மின்னுது, பசங்க குதிக்கிறாங்க, எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா அடுத்த வாரம் ஒரு செல்லும் பல்பும் கொடுத்து எரிய வைனு சொன்னா பாதி பேருக்கு எங்க வயரை வைக்கணும்னே தெரியல. பல்பால காட்ட முடியாத ஒரு விஷயம் எப்ப வருதோ அப்பதான் போர்டுக்கு வேலை வருது. அதனால கீழ இருக்கிற வரிசையை மாத்தாம போங்க.

1. முன்னாடியே வாங்கி வைக்க வேண்டியது

ரெண்டு பேருக்கு ஒரு செட்னு கணக்கு வச்சுக்கோங்க. மூணு பேருக்கு ஒண்ணுனு கொடுத்தா ஒருத்தர் கண்டிப்பா வேடிக்கைதான் பார்ப்பார், அதுவும் எப்பவும் அதே ஆள்தான்.

ஒரு செட்டுக்கு ஏஏ சைஸ் செல் ரெண்டு, அதை மாட்டுற பேட்டரி ஹோல்டர் ஒண்ணு, ஒரே மாதிரி டார்ச் பல்ப் ரெண்டு, பல்ப் ஹோல்டர் ரெண்டு, க்ரொகடைல் கிளிப் வச்ச வயர் ஆறு, இது போதும். இது தவிர ரெண்டு பக்கமும் தோல் சீவின வெறும் வயர் துண்டு ஒண்ணு வேணும், அது நாலாவது படிக்கு.

பல்ப் வாங்கும்போது அதோட உலோகக் கழுத்துல பொறிச்சிருக்கிற நம்பரை பாருங்க. 2.5 வோல்ட் பல்ப் வாங்குங்க, அது ஒரு செல்லுல (1.5 வோல்ட்) மங்கலா எரியும், ரெண்டு செல்லுல (3 வோல்ட்) பளிச்சுனு எரியும், அந்த வித்தியாசமே ஒரு பாடம். 6 வோல்ட் பல்ப் வாங்கிட்டு வந்து எரியலனு தலையை பிச்சுக்கிறவங்க நிறைய பேர். ரெண்டு பல்பும் ஒரே நம்பரா இருக்கணும், ஏன்னு எட்டாவது படில சொல்றேன்.

செல்லுல சாதாரண ஜிங்க் கார்பன் செல் நல்லது. தெரியாம ஷார்ட் பண்ணிட்டாலும் (பல்ப் இல்லாம ரெண்டு முனையையும் வயரால நேரா சேர்த்துட்டாலும்) அது அல்கலைன் அளவுக்கு கரண்ட்டை தள்ளாது, சூடும் கம்மி. ரீசார்ஜ் பண்ற செல்லை இந்த வகுப்புக்கு எடுக்காதீங்க, ஷார்ட் ஆனா ரொம்ப வேகமா சூடாகும். போன் பேட்டரி, பழைய லேப்டாப்ல இருந்து கழட்டின லித்தியம் செல் எல்லாம் பக்கத்துலயே வரக்கூடாது.

2. முந்தின நாள் செய்யற வேலை

ஒவ்வொரு பல்பையும், ஒவ்வொரு வயரையும், ஒவ்வொரு செல்லையும் நீங்களே மாட்டிப் பார்த்துடுங்க. சலிப்பான வேலைதான், ஆனா இதை விட்டா மறுநாள் வகுப்பு அங்கேயே கவிழும். குழந்தை சரியா இணைச்சும் பல்ப் எரியலனா அது 'பல்ப் ஃபியூஸ்'னு நினைக்காது, 'நான் தப்பா பண்ணிட்டேன்'னு நினைச்சு சரியா இருந்ததை கலைச்சுடும்.

மல்டிமீட்டர் இருந்தா செல்லை அளந்து பாருங்க, புது செல் 1.5 வோல்ட்டுக்கு கொஞ்சம் மேல காட்டும், 1.2க்கு கீழ போனதை ஒதுக்கிடுங்க. கிளிப் வயர்ல பிளாஸ்டிக் உறையை கொஞ்சம் பின்னாடி தள்ளிப் பாருங்க, உள்ள வயர் அறுந்து உறை மட்டும் பிடிச்சிட்டு நிக்கிறது ரொம்ப சகஜம்.

3. கையில பொருள் கொடுக்கிறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டிய மூணு விஷயம்

பொருளை கொடுத்துட்டு அப்புறம் பேசினா ஒரு காதும் கேட்காது, அதனால முதல்லயே சொல்லிடுங்க.

முதல் விஷயம், சுவத்துல இருக்கிற பிளக் பாயிண்ட்ல எதையும் சொருகக் கூடாது. நம்ம செல் 1.5 வோல்ட், சுவத்துல வர்றது நாட்டுக்கு நாடு 100ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் இருக்கும். பசங்க வகுப்புல செஞ்சதை வீட்டுல பெருசா செஞ்சு பார்க்க ஆசைப்படுவாங்க, அந்த ஆசை நல்ல ஆசை, அதனாலதான் இதை தெளிவா, பயமுறுத்தாம, ஒவ்வொரு வகுப்பு முடிவுலயும் திரும்ப சொல்லணும்.

ரெண்டாவது, ஏதாவது சூடா தெரிஞ்சா உடனே வயரை கழட்டிட்டு கூப்பிடணும். திட்டு விழும்னு பயந்தா மறைப்பாங்க, அதனால சூடாச்சுனு சொல்ற குழந்தையை பாராட்டுங்க.

மூணாவது, செல்லை வாய்ல வைக்கக் கூடாது. காசு மாதிரி வட்டமா இருக்கிற பட்டன் செல்லுக்கு இது உயிர் போற விஷயம், ஒன்பதாவது படில விரிவா இருக்கு.

4. ஒரு செல், ஒரு பல்ப், ஒரு வயர்

ஹோல்டர் எதுவும் கொடுக்காதீங்க. வெறும் செல், வெறும் பல்ப், வெறும் வயர் துண்டு, இந்த மூணை வச்சு எரிய வைங்கனு மட்டும் சொல்லுங்க. எப்படினு காட்டாதீங்க.

ஹோல்டர் கொடுத்தா பல்புக்கு ரெண்டு முனை இருக்குங்கிற விஷயமே மறைஞ்சுடும், கொக்கி மாட்டினா எரியுதுனு முடிஞ்சுடும். வெறும் பல்பை கையில பிடிச்சா பெரும்பாலான பசங்க முதல்ல பண்றது, வயரோட ஒரு முனையை செல்லோட பிளஸ்லயும் இன்னொரு முனையை பல்போட அடிலயும் வைக்கிறது. தண்ணி குழாய் மாதிரி ஒரு வழில வந்து பல்புல விழுந்தா போதும்னு அவங்க மனசுல இருக்கு. எரியாது. இந்த எரியாத நிமிஷம்தான் முழு பாடத்துலயும் விலை உயர்ந்த நிமிஷம், இங்க கையை நீட்டி உதவி பண்ற டீச்சர் அதை பறிச்சுடுறார். பத்து நிமிஷம் வரைக்கும் கூட விடுங்க. ரொம்ப சோர்ந்துட்டா 'பல்பை நல்லா உத்துப் பாரு, உள்ள இருக்கிற மெல்லிசு கம்பியோட ரெண்டு முனையும் எங்க போய் முடியுது'னு மட்டும் கேளுங்க. ஒரு முனை அடியில இருக்கிற புள்ளிக்கும் இன்னொண்ணு பக்கவாட்டு உலோகத்துக்கும் போகுதுங்கிறதை கண்டுபிடிச்ச குழந்தை அடுத்த அரை நிமிஷத்துல எரிய வச்சுடும்.

எரிஞ்சதும் நிறுத்தாதீங்க, வேற எப்படி எல்லாம் எரியும்னு கேளுங்க. மொத்தம் நாலு விதம் இருக்கு: பல்போட அடி செல்லோட பிளஸ்ல உட்காரலாம், மைனஸ்ல உட்காரலாம், பக்கவாட்டு உலோகம் பிளஸ்ல படலாம், மைனஸ்ல படலாம், ஒவ்வொண்ணுலயும் மீதி ரெண்டு முனையை வயர் சேர்க்கும். நாலையும் எரியாததையும் நோட்டுல வரைய சொல்லுங்க. எரியாத படங்களும் வேணும், அதை பக்கத்துல வச்சு பார்த்தாதான் எரியற படம் எல்லாத்துலயும் ஒரு முழு வட்டம் இருக்குனு அவங்களே சொல்லுவாங்க. அந்த வார்த்தை அவங்க வாய்ல இருந்து வந்தப்புறம் 'இதுக்கு பேர்தான் மின்சுற்று'னு நீங்க பேர் வைங்க, முன்னாடியே வைக்காதீங்க.

இங்க யாராவது வயரை செல்லோட ரெண்டு முனைலயும் நேரா வச்சுடுவாங்க, வயர் சூடாகும். அதை எல்லாருக்கும் சொல்லுங்க, பல்ப் இல்லாம வட்டம் போட்டா ஷார்ட் சர்க்யூட், செல்லும் வீணாகும், கையும் சுடும்.

5. கயிறு விளையாட்டு

இதை நிறைய பேர் தேவையில்லனு தாண்டிடுறாங்க, தாண்டாதீங்க. பசங்களை வட்டமா நிக்க வச்சு ஒரு நீளமான கயிறை வளையமா கட்டி எல்லார் கையிலயும் லேசா பிடிக்க சொல்லுங்க. கயிறுதான் கரண்ட். ஒருத்தர் செல், அவர் கயிறை ஒரு கையால இழுத்து இன்னொரு கையால தள்ளிட்டே இருக்கணும். இன்னொருத்தர் பல்ப், அவர் கொஞ்சம் இறுக்கி பிடிக்கணும், கயிறு உரசி அவர் கை கொஞ்சம் சூடாகும். ரொம்ப இறுக்க விடாதீங்க, மெல்லிசு கயிறு தோலை உரிச்சுடும், தடிமனான பருத்திக் கயிறு எடுங்க.

இப்ப கேளுங்க, பல்புக்கு முன்னாடி ஓடுற கயிறு அதிகமா, பின்னாடி ஓடுறது அதிகமா? ரெண்டும் ஒண்ணுதான்னு கண்ணால தெரியும். கரண்ட்டை பல்ப் சாப்பிட்டுடுதுங்கிற எண்ணம் பெரியவங்ககிட்டயே இருக்கு, அதை பேச்சால மாத்த முடியாது, இந்த கயிறு மாத்தும். தீர்ந்து போறது கயிறு இல்ல, இழுக்கிறவரோட தெம்புதான்.

'ஸ்விட்ச் போட்ட உடனே எப்படி எரியுது, கரண்ட் அவ்வளவு வேகமா ஓடுதா'ங்கிற கேள்விக்கும் பதில் இதுலயே இருக்கு. வயருக்குள்ள எலக்ட்ரான் நகர்ற வேகம் ரொம்ப மெதுவு, ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் கூட தேறாது, ஆனா கயிறு முழுக்க ஏற்கனவே இருக்கிறதால ஒரு இடத்துல இழுத்தா எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல நகர ஆரம்பிக்குது.

6. ஸ்விட்சை அவங்களே செய்யட்டும்

இப்ப ஹோல்டர், கிளிப் வயர் எல்லாம் கொடுக்கலாம். ஒரு அட்டைத் துண்டு, ரெண்டு உலோகக் குண்டூசி, ஒரு பேப்பர் கிளிப், ஸ்விட்ச் ரெடி. கிளிப் மேல கலர் பூச்சு இருந்தா கரண்ட் போகாது, அதனால பளபளனு இருக்கிற வெறும் உலோகம் எடுங்க. ஸ்விட்சை பல்புக்கு முன்னாடி வச்சா என்ன ஆகும், பின்னாடி வச்சா என்ன ஆகும்னு முதல்ல ஊகிக்க சொல்லிட்டு அப்புறம் மாட்ட சொல்லுங்க. எங்க வச்சாலும் அணையும், வட்டம் எங்க அறுந்தாலும் அறுந்ததுதான்.

படம் வரையற குறியீடுகளை இங்க அறிமுகப்படுத்தலாம். செல்லுக்கு ரெண்டு கோடு, நீளமானது பிளஸ், குட்டையானது மைனஸ். எட்டு வயசுக்கு கீழனா குறியீடு வேண்டாம், பொருளை அப்படியே வரையட்டும்.

7. எது கடத்தும், எது கடத்தாது

சுற்றுல ஒரு இடைவெளி விட்டு அதுல ஒவ்வொரு பொருளா வைக்கிற சோதனை எல்லாருக்கும் தெரியும். தவறு நடக்கிறது ரெண்டு இடத்துல.

ஊகம் எழுதாம நேரா சோதிக்க விடுறது ஒண்ணு. முதல்ல எழுதினாதான் தன்னோட எண்ணம் தப்புனு தெரியும்போது ஏன்னு கேட்கத் தோணும், இல்லனா வெறும் டிக் போடுற வேலையா போயிடும். பொருளையும் யோசிச்சு எடுங்க: துரு பிடிச்ச ஆணியும் புது ஆணியும், பெயிண்ட் அடிச்ச கம்பி, அலுமினியம் ஃபாயில், ரப்பர், ரெண்டு பக்கமும் சீவின பென்சில், உப்புத் தண்ணி. பளபளப்பா இருக்கிறதெல்லாம் கடத்தும்னு ஒரு குழந்தை சொன்னா பளபளக்கிற பிளாஸ்டிக் பேப்பரை கையில கொடுங்க.

இன்னொரு தவறு பெருசு. பல்ப் எரியலனா உடனே 'கடத்தாப் பொருள்'னு எழுத வைக்கிறது. பென்சில் கரிக்கு மின்தடை இருக்கு, முழு பென்சில் நீளத்துக்கு வச்சா டார்ச் பல்ப் எரியாம போகலாம், உப்புத் தண்ணிலயும் அப்படித்தான், ஆனா ரெண்டும் கரண்ட்டை கடத்துற பொருள்தான். பல்ப் எரிய கணிசமான கரண்ட் வேணும், கொஞ்சமா போற கரண்ட்டை அதால காட்ட முடியாது. அதனால நோட்டுல 'பல்ப் எரிஞ்சது', 'பல்ப் எரியல'னு மட்டும் எழுதட்டும். எரியாததுல ஒரு சந்தேகக் குறி போட்டு வைங்க, பத்தாவது படில திரும்ப வருவோம்.

8. ரெண்டு பல்ப்

ரெண்டு செல் ஹோல்டர்ல ஒரே வரிசையா ரெண்டு பல்ப் மாட்டினா ரெண்டும் மங்கும், ஏன்னா 3 வோல்ட்டை ரெண்டும் பிரிச்சுக்குது. தனித்தனி பாதையா மாட்டினா ரெண்டும் முழுசா எரியும், ஆனா செல் சீக்கிரம் தீரும். முதல் வகைல ஒண்ணை கழட்டினா ரெண்டும் போச்சு, ரெண்டாவதுல மத்தது எரியும். வீட்டுல ஒரு ரூம் லைட்டை அணைச்சா ஏன் மத்த ரூம் அணையலனு கேட்டுட்டு விடுங்க, அவங்களே பிடிச்சுக்குவாங்க.

வேற வேற நம்பர் பல்பை வரிசையா மாட்டினா ஒண்ணு எரியும், இன்னொண்ணு எரியாது, உடனே 'முதல் பல்ப் எல்லாத்தையும் சாப்பிட்டுடுச்சு'னு முடிவு பண்ணிடுவாங்க, கயிறு விளையாட்டுல கட்டினது அங்கேயே உடையும். ஒரே நம்பர் வாங்க சொன்னது இதுக்குத்தான். அப்படியும் வெளிச்சம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா ரெண்டையும் இடம் மாத்தி மாட்ட சொல்லுங்க, இடத்தால இல்ல, பல்பாலதான் வித்தியாசம்னு தெரிஞ்சுடும்.

9. எல்.இ.டி.யும் காப்பர் டேப்பும்

எல்.இ.டி. ஒரு திசைல மட்டும்தான் எரியும், அதனாலதான் இதை இவ்வளவு தாமதமா கொண்டு வர்றோம். வட்டம்னா என்னனு உறுதியாகாத குழந்தைகிட்ட முதல்லயே கொடுத்தா, வட்டம் சரியில்லையா திசை சரியில்லையானு பிரிக்கத் தெரியாம குழம்பிடும். நீளமான கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். காலை வெட்டிட்டா அடி விளிம்புல தட்டையா இருக்கிற பக்கம் மைனஸ்.

பேப்பர்ல காப்பர் டேப் ஒட்டி ஒரு வாழ்த்து அட்டையை மின்ன வைக்கிறது இந்த வயசுக்கு அருமையான வேலை. சிஆர்2032ங்கிற 3 வோல்ட் பட்டன் செல்லுல எல்.இ.டி.யை நேரா மாட்டலாம், அந்த செல்லோட உள்தடையே கரண்ட்டை கட்டுப்படுத்திடும். ஏஏ செல் ரெண்டுல மாட்டினா நடுவுல 100 ஓம் ரெசிஸ்டர் (கரண்ட்டை குறைக்கிற குட்டிப் பாகம்) வைங்க. 9 வோல்ட் பேட்டரில ரெசிஸ்டர் இல்லாம வச்சா எல்.இ.டி. போயிடும்.

வழக்கமா சிக்குற இடங்கள் இது. டேப்பை துண்டு துண்டா வெட்டி மேல மேல ஒட்டுவாங்க, பசைப் பக்கம் எல்லா டேப்புலயும் சரியா கடத்தாது, அதனால மூலைல வெட்டாம மடிச்சு ஒரே டேப்பா கொண்டு போங்க. பட்டன் செல்லோட விளிம்பும் பிளஸ்தான், மைனஸ் பக்கத்து டேப் கொஞ்சம் மேல ஏறி விளிம்பை தொட்டா ஷார்ட். அப்புறம் சிவப்பு எல்.இ.டி.யையும் நீலத்தையும் ஒரே செல்லுல பக்கத்து பக்கத்துல மாட்டினா நீலம் எரியவே எரியாது, சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 கிட்ட வேணும், சிவப்பு வோல்ட்டேஜை கீழ இழுத்துடும். ஒரு அட்டைக்கு ஒரே கலர் கொடுத்துடுங்க. டேப்போட ஓரம் விரலை கீறும், அதையும் சொல்லி வைங்க.

பட்டன் செல்லை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்க, ஒண்ணு குறைஞ்சா யாரையும் வெளிய விடாதீங்க. முழுங்கிட்டா தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்ல மாட்டி 2 மணி நேரத்துக்குள்ளயே கடுமையான புண்ணை உண்டாக்கும். முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே அறிகுறிக்கு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு போகணும். வீட்டுல சின்ன தம்பி தங்கச்சி இருக்கிற பிள்ளைங்ககிட்ட இந்த செல்லை அட்டையோட கொடுத்து அனுப்பாதீங்க. சின்ன வகுப்புனா பட்டன் செல்லே வேண்டாம், ஏஏ ஹோல்டரும் ரெசிஸ்டரும் போதும்.

10. இப்பதான் மைக்ரோபிட்

ஏழாவது படில சந்தேகக் குறி போட்டோமே, அதை எடுங்க. மைக்ரோபிட்ல '0', '1', '2', '3 வோல்ட்', 'கிரவுண்ட்' (பேட்டரியோட மைனஸ் பக்கம்)னு அஞ்சு பெரிய துளை இருக்கும். கிரவுண்ட்ல ஒரு கிளிப், 0ல ஒரு கிளிப். மேக்கோட்ல (பிளாக் அடுக்கி மைக்ரோபிட்டுக்கு புரோகிராம் எழுதற இணையதளம்) 'எப்பவும்' பிளாக்குக்குள்ள, 0வது பின் (அந்த 0 துளைதான்) தொடப்பட்டிருந்தா டிக் படம், இல்லனா பெருக்கல் குறி, இவ்வளவுதான் புரோகிராம். போர்டோட 25 குட்டி விளக்குல அது தெரியும்.

இப்ப அதே பென்சில், அதே உப்புத் தண்ணி. டிக் வரும். ஒரு கையால ஒரு கிளிப்பையும் இன்னொரு கையால மத்ததையும் பிடிச்சாலும் வரும். ரொம்ப ரொம்ப கம்மியா போற கரண்ட்டை கூட இந்த போர்டு கவனிச்சுடுது. வகுப்பு முழுக்க கை கோத்து வட்டமா நின்னு ரெண்டு ஓரத்துல இருக்கிறவங்க கிளிப்பை பிடிச்சா டிக் வரும், நடுவுல யாராவது ஒருத்தர் கையை விட்டா போயிடும். கை ரொம்ப வறண்டு இருந்தா வராம போகலாம், லேசா ஈரம் பண்ணிக்கோங்க. இப்படி உடம்பால தொடுற எல்லா வேலைக்கும் போர்டை அதோட பேட்டரி பெட்டிலதான் ஓட்டணும், கரண்ட்ல சொருகின கம்ப்யூட்டரோட யூஎஸ்பி வயரை கழட்டிடுங்க.

இதுக்கப்புறம் கதவு திறந்தா கத்துற அலாரம், வளைஞ்ச கம்பியை தொடாம வளையத்தை நகர்த்துற விளையாட்டு, இதெல்லாம் பசங்களே கண்டுபிடிப்பாங்க. எல்லாமே அவங்க ஆறாவது படில செஞ்ச ஸ்விட்ச்தான்.

கவனிக்க வேண்டியது ரெண்டு. கிளிப்பை படுக்க வச்சு மாட்டினா பக்கத்துல இருக்கிற குட்டி பின்னையும் தொடும், நிமிர்ந்து நிக்கிற மாதிரி துளையோட சேர்த்து கவ்வ வைங்க, முக்கியமா 3 வோல்ட்டும் கிரவுண்டும் ஒண்ணோட ஒண்ணு படக் கூடாது. மோட்டாரை பின்னுல நேரா மாட்டாதீங்க, அதுக்கு வேணுங்கிற அளவு கரண்ட்டை ஒரு பின் கொடுக்காது, போர்டு கெடும்.

கம்ப்யூட்டர்ல சர்க்யூட் வரையற சிமுலேஷன் வைக்கிறதா இருந்தா அதுவும் இந்த இடத்துலதான். எலக்ட்ரான் ஓடுறதை அது அழகா காட்டும், ஆனா லூஸ் கனெக்‌ஷன், ஃபியூஸ் போன பல்ப் இதெல்லாம் திரைல வராது.

11. எரியலனா எந்த வரிசைல பார்க்கணும்

இதை ஒரு சார்ட்ல எழுதி சுவத்துல ஒட்டிடுங்க. செல் சரியான பக்கம் இருக்கா, பல்ப் ஹோல்டர்ல இறுக்கமா திருகியிருக்கா, கிளிப் உலோகத்தை கவ்வுதா பிளாஸ்டிக்கை கவ்வுதா, எல்.இ.டி. திசை சரியா, அப்புறம் விரலால வட்டத்தை தொட்டுட்டே போய் எங்க அறுந்திருக்குனு பார்க்கணும். அதுவும் சரினா எரியற செட்ல இருந்து ஒரு பொருளை மட்டும் வாங்கி மாத்தணும். ஒரே நேரத்துல மூணு பொருளை மாத்திட்டா எது கெட்டதுனு கடைசி வரைக்கும் தெரியாது. கையை தூக்கின குழந்தைகிட்ட போய் நீங்க சரி பண்ணிக் கொடுக்காதீங்க, 'சார்ட்ல எது வரைக்கும் பார்த்த?'னு கேளுங்க.

12. புரிஞ்சுதானு பார்க்கிறது

கேள்வித்தாள் வேண்டாம். நீங்களே ஒரு சுற்றை கெடுத்து வைங்க: ஒண்ணுல பல்பை அரை சுத்து தளர்த்துங்க, ஒண்ணுல ரெண்டு செல்லுல ஒண்ணை மட்டும் திருப்பி வைங்க, ஒண்ணுல வயர் நடுவுல அறுந்ததை போடுங்க. கண்டுபிடிச்சு, ஏன் எரியலனு சொல்லட்டும். சரி பண்ணிட்டு காரணம் சொல்லத் தெரியாத பசங்களுக்கு நாலாவது படியை ஒரு தடவை திரும்ப கொடுங்க, திட்டாம, வேற பல்ப் வச்சு.

13. எடுத்து வைக்கிறது

செல்லை ஹோல்டர்ல விட்டுட்டு போகாதீங்க, கழட்டி தனி டப்பால போடுங்க. அதே டப்பால கிளிப் வயரோ ஃபாயிலோ ஸ்டீல் நாரோ இருக்கக் கூடாது, ஸ்டீல் நார் 9 வோல்ட் பேட்டரில பட்டா தீப்பிடிக்கும். 9 வோல்ட் பேட்டரியோட முனைக்கு மேல டேப் ஒட்டுங்க. தீர்ந்து போன பட்டன் செல்லுக்கு ரெண்டு பக்கமும் டேப் சுத்தி, பூட்டுற அலமாரில வச்சு, பேட்டரி சேகரிக்கிற இடத்துல கொடுங்க, குப்பைல போடாதீங்க. பசங்க எண்ணி வைக்கட்டும், ஆனா கடைசி எண்ணிக்கையை பெரியவங்க ஒருத்தர் சரிபார்த்து எழுதி வைக்கணும்.